அழித்தது எங்கேயும் போகாது என்பவர்களுக்கு

"டெலிட் பண்ணினா ஒண்ணும் ஆகாதுங்க. உள்ளேதான் இருக்கும். ஒரு சாஃப்ட்வேர் போட்டா வந்துடும்." வாலாஜாபாத் ராஜவீதியில் கேட்டாலும் இதுதான் பதில், காஞ்சிபுரத்தில் கேட்டாலும் இதுதான் பதில், ரயிலேறிப் போய்ச் சென்னை ரிச்சி தெருவில் கேட்டாலும் பெரும்பாலும் இதுதான் பதில். கணினி படிக்கும் பிள்ளை வீட்டில் அம்மாவுக்கு இதைச் சொல்லி ஆறுதல் தருகிறான். கல்யாண ஆல்பத்தைத் தொலைத்தவருக்கு போட்டோ ஸ்டூடியோக்காரர் இதைச் சொல்கிறார். வீட்டுக் கணினியில் தவறுதலாக அழிந்த ஃபைலை எப்போது வேண்டுமானாலும் மீட்டுவிடலாம் என்பதை நம்மூரில் யாரும் கேள்வி கேட்பதில்லை.

கேட்க வேண்டும். பாதி மட்டும் உண்மையான கருத்து இது, அந்தப் பாதியை நம்பித்தான் மக்கள் மீதியையும் இழக்கிறார்கள். மீட்கக் கூடிய ஃபைல்களை மீட்க முடியாதவையாக ஆக்குவதில் வைரஸுக்கும் மின்வெட்டுக்கும் உள்ள பங்கைவிட இந்த நம்பிக்கைக்கு உள்ள பங்கு பெரிது என்பது என் துணிபு. ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன். அதற்கு முன், எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு வைப்பதே முறை.

அந்த வாதம் காற்றில் பிறந்ததல்ல. டாஸ் காலத்தில் ஒரு ஃபைலை அழித்தால், கணினி செய்ததெல்லாம் இரண்டே வேலைதான். பட்டியலில் அந்த ஃபைலின் பெயரில் முதல் எழுத்தை மாற்றி ஓர் அடையாளக் குறி போடும், அது இருந்த இடத்தைக் காலி என்று குறித்துக்கொள்ளும். உள்ளடக்கத்தைத் தொடாது. 1982-ல் பீட்டர் நார்ட்டன் விற்கத் தொடங்கிய அன்இரேஸ் என்ற கருவி இந்தச் சலுகையைத்தான் பயன்படுத்தியது. பெயரின் முதல் எழுத்தை நீங்கள் சொன்னால் மீதியை அது மீட்கும். 1991-ல் வந்த டாஸ் 5 அந்த வசதியைத் தன்னோடேயே கொடுத்தது. 1995-ல் விண்டோஸின் ரீசைக்கிள் பின் வந்தது. பிறகு வீட்டுக் கணினிகளுக்கு வந்த என்டிஎஃப்எஸ் முறையிலும் அடிப்படை மாறவில்லை. ஃபைலின் பதிவேட்டு வரி 'பயன்பாட்டில் இல்லை' என்று குறிக்கப்படும், தரவு இருந்த இடத்திலேயே கிடக்கும். 2011-ல் தமிழ்நாடு அரசு பிளஸ் டூ மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது நம் பகுதியில் எத்தனையோ வீடுகளுக்கு வந்த முதல் கணினி அதுதான். அதற்குள் இருந்ததும் சுழலும் ஹார்டு டிஸ்க்தான். அதில் அழித்தவர்கள் மீட்டார்கள். கண்ணால் கண்டார்கள். நம்பினார்கள்.

இதைவிட வலுவான சான்றும் அவர்கள் பக்கம் இருக்கிறது. 2003-ல் கொலம்பியா விண்கலம் வானில் சிதறியபோது அதிலிருந்த ஓர் ஆய்வுக்கருவியின் ஹார்டு டிஸ்க் எரிந்து உருக்குலைந்து தரையில் விழுந்தது. அதிலிருந்து 99 விழுக்காடு தரவை மீட்டார்கள், ஆய்வு முடிவும் 2008-ல் வெளியானது. வானத்திலிருந்து விழுந்து எரிந்த டிஸ்க்கிலிருந்தே எடுக்கிறார்கள், நம் வீட்டு டிஸ்க்கிலிருந்து எடுக்க முடியாதா என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்வது எளிதல்ல.

ஆனால் பதில் இருக்கிறது.

1. கொலம்பியாவின் டிஸ்க்கில் எதுவும் அழிக்கப்படவில்லை. இந்த ஒரு வாக்கியத்திலேயே அந்தச் சான்று விழுந்துவிடுகிறது. அது உடைந்த டிஸ்க், அழித்த டிஸ்க் அல்ல. அதில் பாதியளவுதான் நிரம்பியிருந்தது. அதில் ஓடியது டாஸ் என்பதால் தரவு அங்கும் இங்கும் சிதறாமல் அடுத்தடுத்து இருந்தது. விழுந்த பிறகு அதன் மேல் யாரும் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. நம் வீட்டுக் கதையே வேறு. பட்டாவில் ஒருவர் பெயரை அடித்துவிட்டால் நிலம் மறைந்துவிடாது என்பது சரிதான். ஆனால் அடுத்த நாளே வேறொருவர் பெயர் ஏறி, அடுத்த மாதம் அங்கே வீடு எழும்பினால், பழைய பயிரைத் தேடி எங்கே போவது? காலி என்று குறிக்கப்பட்ட இடத்தில் அடுத்து வரும் எதை வேண்டுமானாலும் விண்டோஸ் எழுதும். நீங்கள் எழுதச் சொல்ல வேண்டியதில்லை. பிரவுசரைத் திறந்தால் அதன் தற்காலிக ஃபைல்கள் இறங்கும். அப்டேட் பின்னணியில் இறங்கும். நினைவகம் போதாதபோது பேஜ் ஃபைலில் எழுதும். ஆன்டிவைரஸ் தன் குறிப்பை எழுதும். "உள்ளேதான் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கலாம்" என்று நாலு நாள் கணினியை ஓட்டுகிறவர் அந்த நாலு நாளும் தன் ஃபைலின் மேல் எழுதிக்கொண்டே இருக்கிறார்.

மேலெழுதப்பட்டதையும் எடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். 1996-ல் பீட்டர் குட்மன் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து கிளம்பிய பேச்சு அது. முழுதாக அழிக்க 35 முறை மேலெழுத வேண்டும் என்ற கணக்கும் அதிலிருந்துதான் வந்தது. அது அந்தக் காலத்து டிஸ்க்குகளின் பதிவு முறைகளைப் பற்றியது. இன்றைய டிஸ்க்கில் ஒரே ஒரு முறை மேலெழுதப்பட்ட ஃபைலைக் கடையில் யாரும் மீட்டுத் தரப் போவதில்லை.

2. மீட்க வரும் சாஃப்ட்வேரே அழிக்கிறது. நம்மூரில் நடக்கும் ஒழுங்கைப் பாருங்கள். ஃபைல் போச்சு. உடனே அதே கணினியில் பிரவுசரைத் திறக்கிறோம். வீடியோ ஒன்றிரண்டு பார்க்கிறோம். மீட்புச் சாஃப்ட்வேரை அதே சி டிரைவில் இறக்கி, அதே சி டிரைவில் நிறுவி, மீண்டு வரும் ஃபைல்களையும் அதே சி டிரைவில் டெஸ்க்டாப்பிலேயே சேமிக்கிறோம். தொலைந்த ஃபைல் இருந்ததும் டெஸ்க்டாப், அதாவது சி டிரைவ். தேடும் ஒவ்வொரு அடியும் தேடும் பொருளின் மேலேயே விழுகிறது. 2020-ல் மைக்ரோசாஃப்ட் தானே விண்டோஸ் ஃபைல் ரெகவரி என்ற கருவியை வெளியிட்டபோது வைத்த முதல் நிபந்தனை என்ன தெரியுமா? எடுக்கும் டிரைவும் சேமிக்கும் டிரைவும் வேறு வேறாக இருக்க வேண்டும். விண்டோஸைச் செய்தவர்களே அந்த விதியை வைத்திருக்கிறார்கள். நம்மூரில் அந்த விதியைச் சொல்லிக் கொடுப்பவர் எத்தனை பேர்?

இதோடு க்ராக் பழக்கமும் சேர்கிறது. மீட்புக் கருவியின் இலவசப் பதிப்பு ஃபைல்களின் பெயரைக் காட்டும், சேமிக்கப் பணம் கேட்கும். பணம் கட்ட மனமில்லாதவர் க்ராக் தேடுகிறார். 2018 தொடங்கி வீட்டுக் கணினிகளை வாட்டிய ஸ்டாப் என்கிற ரான்சம்வேர் முக்கியமாகப் பரவியது இத்தகைய க்ராக்குகளின் வழியாகத்தான். ஒரு ஃபைலை மீட்கப் போய் எல்லா ஃபைலும் பூட்டப்படும். பணம் கட்டுபவரும் தப்பவில்லை. பட்டியலில் பெயர் தெரிகிறது, அளவு தெரிகிறது, தேதி தெரிகிறது, நம்பிக் கட்டுகிறார். பெயர் பதிவேட்டில் இருப்பது, உள்ளடக்கம் வேறிடத்தில் இருப்பது. பெயர் தெரிந்தால் ஃபைல் இருக்கிறது என்று பொருளாகாது.

3. உங்கள் கணினியில் இப்போது சுழலும் வட்டு இருக்கிறதா? பெரும்பாலும் இல்லை. அந்தப் பழைய நம்பிக்கையை முற்றிலும் முறித்துப் போட்டது, சுழலும் வட்டின் இடத்துக்கு வந்த எஸ்எஸ்டி. இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மீட்டுத் தருகிறேன் என்று சொல்கிறவர்களில் பலர் இந்த வேறுபாட்டைச் சொல்வதே இல்லை.

எஸ்எஸ்டியின் நினைவுச் சில்லுகளில் ஏற்கெனவே எழுதிய இடத்தின் மேல் நேரடியாக எழுத முடியாது. முதலில் ஒரு பெரிய தொகுதியாக அழிக்க வேண்டும், பிறகுதான் எழுத முடியும். எழுதும் நேரத்தில் அழிக்க உட்கார்ந்தால் வேகம் குறையும். எனவே எந்த இடம் இனித் தேவையில்லை என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள அது விரும்புகிறது. அதைத் தெரிவிக்கும் கட்டளைதான் டிரிம். 2009-ல் வந்த விண்டோஸ் 7 முதல் இது வழக்கமாகவே இயங்குகிறது. ரீசைக்கிள் பின்னைக் காலி செய்கிறீர்கள், விண்டோஸ் உடனே எஸ்எஸ்டியிடம் இந்த இந்த இடங்கள் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறது. அதன் பிறகு அந்த இடத்தைப் படிக்கக் கேட்டால் பல எஸ்எஸ்டிகள் வெறும் சுழியைத்தான் திருப்பித் தரும். சில்லுக்குள் மின்னூட்டம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கலாம், அது உங்கள் சாஃப்ட்வேரின் கைக்கு எட்டாது. சற்று நேரத்தில் எஸ்எஸ்டி தானே அதையும் துடைத்துவிடும். கணினி சும்மா இருக்கும் நேரத்திலும் இந்த வேலையை அது செய்யும். ஆகவே "நான் ஒண்ணுமே பண்ணலை, சும்மாதான் ஆன்ல வச்சிருந்தேன்" என்பதும் இங்கே காப்பாற்றாது.

இப்போது அதே மீட்புச் சாஃப்ட்வேரை ஓட்டினால் என்ன நடக்கும்? பட்டியல் வரும். பெயர் சரியாக இருக்கும். அளவு சரியாக இருக்கும். மீட்டுத் திறந்தால் ஃபைல் முழுக்கச் சுழி. அன்று பள்ளி லேப்டாப்பில் வந்தது இன்று புது லேப்டாப்பில் ஏன் வரவில்லை என்று கேட்பவர் தன் அதிர்ஷ்டத்தை நொந்துகொள்கிறார். அதிர்ஷ்டம் மாறவில்லை, பொருள் மாறிவிட்டது. உங்கள் கணினியில் இது இயங்குகிறதா என்று அறிய, கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து டிஸேபிள் டெலீட் நோட்டிஃபை என்ற அமைப்பின் மதிப்பைப் பார்க்கலாம். சுழி என்றால் டிரிம் இயங்குகிறது. மலிவான பென் டிரைவ்களிலும் கேமரா மெமரி கார்டுகளிலும் பெரும்பாலும் டிரிம் கிடையாது. கல்யாண போட்டோ கார்டில் அழிந்து மீண்ட கதைகள் பெரும்பாலும் உண்மையாக இருப்பது அதனால்தான். அந்தக் கதையைக் கொண்டுவந்து எஸ்எஸ்டியில் பொருத்தக் கூடாது.

4. டிரிம்மிலிருந்து தப்பினாலும் பூட்டு இருக்கிறது. 2024-ல் வந்த விண்டோஸ் 11-ன் 24ஹெச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், ஹோம் பதிப்பிலும் டிஸ்க் தானாகவே மறைகுறியாக்கப்படுகிறது. கடைக்காரர் டிஸ்க்கைக் கழற்றித் தன் கணினியில் மாட்டினால் 48 இலக்கச் சாவி கேட்கும். அந்தச் சாவி உங்கள் கணக்கில் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. கைப்பேசியில் நிலைமை இன்னும் இறுக்கம். கேலரியின் குப்பைத் தொட்டியிலிருந்தும் போனது போனதுதான்.

5. கிடைத்தது ஃபைலா, ஃபைலின் சவமா? எஸ்எஸ்டி இல்லை, பழைய ஹார்டு டிஸ்க்தான், அதிகம் எழுதவும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். சாஃப்ட்வேர் '3,412 ஃபைல்கள் மீட்கப்பட்டன' என்று காட்டுகிறது. வெற்றி என்று நம்பிக் கிளம்பலாமா?

நம் பகுதியின் உதாரணத்தையே எடுத்துக்கொள்ளலாம். வாலாஜாபாத்துக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடையில் அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை பக்கம் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிற ஒரு வீடு. கரைக்கு யாளி, முந்திக்கு மயில், உடலுக்குப் புட்டா. முன்பு கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பியது, இப்போது கணினியில் புள்ளி புள்ளியாக. ஒரு புள்ளி என்றால் பாவும் ஊடையும் சந்திக்கும் ஓர் இடம். பாவு எழும்ப வேண்டுமா, கீழே நிற்க வேண்டுமா என்பதை அந்தப் புள்ளியின் நிறம் சொல்கிறது. இந்த டிசைன்கள் பெரும்பாலும் பிஎம்பி வடிவில் இருக்கும். அகலத்தில் 480 புள்ளி, உயரத்தில் 2,000 புள்ளி உள்ள ஒரு டிசைனுக்கு, புள்ளிக்கு ஒரு பைட் வீதம், சுமார் 9,60,000 பைட். என்டிஎஃப்எஸ் டிஸ்க்கில் அது 4,096 பைட் கொண்ட 235 துண்டுகளாக உட்காரும். அந்த 235-ம் அடுத்தடுத்து இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. டிஸ்க் நிரம்ப நிரம்பச் சிதறும்.

பதிவேட்டு வரி கெடாமல் இருந்தால் எந்தத் துண்டு எங்கே என்ற குறிப்பும் கிடைக்கும். அது கெட்டிருந்தால் சாஃப்ட்வேர் தடயம் தேடும். பிஎம்பி ஃபைல் பி, எம் என்ற இரண்டு எழுத்துகளோடு தொடங்கும். அடுத்த நான்கு பைட்டில் ஃபைலின் மொத்த அளவு இருக்கும். தேடும் கருவி அந்த இரண்டெழுத்தைக் கண்ட இடத்திலிருந்து அத்தனை பைட்டை நேராக அள்ளிக்கொள்ளும். நடுவில் ஃபைல் வேறிடத்துக்குத் தாவியிருந்தால், அங்கே குடியிருக்கும் வேறு ஏதோ ஃபைலின் தரவு டிசைனுக்குள் வந்து உட்காரும். பிஎம்பியில் படம் பொதுவாகக் கீழிருந்து மேலாக எழுதப்படுவதால் கீழ்ப் பாதியில் யாளி அழகாக இருக்கும், மேல் பாதியில் புழுதி. சிதறாமல் ஒரே ஒரு துண்டு மட்டும் மேலெழுதப்பட்டிருந்தாலும் எட்டரை வரிசை போகும். அதாவது எட்டுக்கும் மேற்பட்ட ஊடைகள் தவறாக விழும். போட்டோவில் ஒரு மூலை கெட்டால் வெட்டிவிட்டு மாட்டலாம். கரையின் டிசைன் மேலும் கீழும் தொடர்ந்து பொருந்தி வர வேண்டும். எட்டு வரிசை கெட்ட டிசைனைத் தறியில் ஏற்றினால் சேலை நெடுகக் குறை திரும்பத் திரும்ப வரும்.

பெயரையும் மறக்க வேண்டாம். இப்படி மீண்ட ஃபைல்களுக்குப் பழைய பெயர் இருக்காது, எஃப் என்ற எழுத்தும் ஓர் எண்ணும்தான் இருக்கும். ஆயிரக்கணக்கான பெயரற்ற படங்களில், கடைசியாகத் திருத்தியது எது, முதலாளி வேண்டாம் என்று சொன்னது எது என்று யார் பிரிப்பது? இன்றைய எக்செல், வேர்டு ஃபைல்கள் உள்ளுக்குள் ஜிப் பொட்டலங்கள். அவற்றின் உள்பட்டியல் கடைசியில் இருக்கிறது, வால் போனால் திறப்பதே சிரமம். டேலி கணக்கு ஒரு ஃபைல் அல்ல, ஒரு ஃபோல்டருக்குள் பல ஃபைல்கள். ஒன்றிரண்டு குறைந்தால் மற்றவை இருந்தும் கணக்கு திறக்காமல் போகலாம். மீண்ட ஃபைல்களின் எண்ணிக்கையை வைத்து வெற்றியைக் கணக்கிடுகிறவர் அவற்றில் ஒன்றையாவது திறந்து வேலை செய்து பார்த்தாரா என்று கேளுங்கள்.

6. போலீஸ் எடுக்கிறதே? எடுக்கிறது, சில வேளைகளில். தடயவியல் ஆய்வகம் முதலில் எழுத்துத் தடுப்புக் கருவி மாட்டி, டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து, அந்த நகலில்தான் கை வைக்கும். வீட்டில் அழித்தவர் செய்யும் முதல் வேலைக்கு நேர் எதிரானது இது. அங்கேயும் பல வேளைகளில் கிடைப்பது அழித்த ஃபைலே அல்ல. அதன் சிறுபட நகல், மெயிலில் அனுப்பிய பிரதி, வேறொருவர் கைப்பேசியில் இருந்த பிரதி ஆகியவைதான். 'டக் டக்' என்று ஓசையிடும் டிஸ்க்கைச் சாஃப்ட்வேரால் சரிசெய்யலாம், ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்பதெல்லாம் பேச்சுக்குக்கூடத் தகுதியற்றவை. அந்த டிஸ்க்கை மறுபடி ஆன் செய்யாமல் இருப்பதுதான் அதற்குச் செய்யக்கூடிய ஒரே நன்மை.

7. எல்லாவற்றையும்விடப் பெரிய கேடு இனிமேல்தான். மேலே சொன்னவை நுட்பக் குறைகள். இது வாழ்க்கைக் குறை. அழித்தாலும் எடுத்துவிடலாம் என்று நம்புகிறவர் பிரதி எடுக்க மாட்டார். ஏன் எடுக்க வேண்டும்?

நம் பட்டுத் தொழிலில் இதன் விளைவு கண்கூடு. ஜக்கார்டு பெட்டியும் கிராஃப் தாளும் இருந்த காலத்தில் ஒரு டிசைன், யாரும் திட்டமிடாமலே, மூன்று இடத்தில் இருந்தது. முதலில் கிராஃப் தாள். அடுத்து, ஊடைக்கு ஓர் அட்டை வீதம் துளையடித்துக் கோத்த அட்டைக் கட்டு. மூன்றாவது, நெய்து முடித்த சேலை. தாள் கரையான் அரித்துப் போனாலும் அட்டையைத் துளை துளையாகப் படித்து வரைந்துவிடலாம். அட்டை நனைந்து போனாலும் தாளைப் பார்த்து மறுபடி அடிக்கலாம். இரண்டும் போனால், சேலையையே உருப்பெருக்கி வைத்து எண்ணி எடுக்கலாம். கடினம், ஆனால் செய்யலாம். கணினி வந்தபோது தாள் போனது. இப்போது சில தறிகளில் மின்னணு ஜக்கார்டு வந்துவிட்டதால் அட்டையும் தேவையில்லை, பென் டிரைவில் ஃபைல் போனால் போதும். நல்ல வசதி. வேண்டாம் என்று சொல்ல எனக்கு எந்தக் காரணமும் இல்லை. ஆனால் சேலை விற்றுப்போன பிறகு, மூன்று இருந்த இடத்தில் ஒன்றுதான் கையில் மிஞ்சுகிறது. அந்த ஒன்றும் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு டெலிட்டைத் தட்டினால் ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாமல் மறையும் ஃபைல். பென் டிரைவிலிருந்து அழித்தாலும் அப்படித்தான். 2005-ல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கினோம். அந்தப் பெருமைக்குள் இருக்கும் கரைகளும் முந்திகளும் எத்தனை வீட்டு டெஸ்க்டாப்புகளில் ஒற்றைப் பிரதியாகக் கிடக்கின்றன என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

கணினி வல்லுநர்கள் நிறைந்த இடத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1998-ல் பிக்ஸார் நிறுவனத்தில் டாய் ஸ்டோரி 2 படம் தயாராகிக்கொண்டிருந்தபோது, தவறாக இடப்பட்ட ஒரு கட்டளையால் படத்தின் ஃபைல்களில் பெரும்பகுதி அழிந்தது. பேக்கப்பைத் தேடினார்கள். அது சில காலமாகச் சரியாக இயங்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. உலகின் தலைசிறந்த கணினி வல்லுநர்கள் அங்கே இருந்தார்கள். படத்தைக் காப்பாற்றியது மீட்புச் சாஃப்ட்வேர் அல்ல. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்பவரின் வீட்டுக் கணினியில் இருந்த பிரதி. பிக்ஸாரால் முடியாததை வாலாஜாபாத்தில் வீட்டு லேப்டாப்பில் ஒரு க்ராக் சாஃப்ட்வேர் செய்துவிடும் என்று எதை வைத்து நம்புவது?

"எனக்குக் கவலையில்லை, கிளவுட்ல இருக்கு" என்பவருக்கும் ஒரு வார்த்தை. கூகுள் டிரைவும் ஒன்டிரைவும் ஒத்திசைக்கும். நீங்கள் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், அதைத்தான் செய்யச் சொல்லி வைத்திருக்கிறீர்கள். அழிந்தது அவற்றின் குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும், பிறகு போய்விடும். அந்த 30 நாளை அறிந்து பயன்படுத்தினால் மீட்புச் சாஃப்ட்வேர் எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி அது. ஆனால் ஆறு மாதம் கழித்து ஆடித் தள்ளுபடிக்குப் பழைய டிசைனைத் தேடும்போது அது உதவாது. விண்டோஸின் சிஸ்டம் ரீஸ்டோரும் உதவாது. அது விண்டோஸைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகும், உங்கள் டிசைனையோ போட்டோவையோ அல்ல. 2012-ல் விண்டோஸ் 8-ஓடு வந்த ஃபைல் ஹிஸ்டரி உண்மையிலேயே பயனுள்ளது. அதை நீங்கள்தான் இயக்க வேண்டும், அதற்கு வெளி டிஸ்க் ஒன்றும் வேண்டும்.

செலவாகுமே என்பது அடுத்த எதிர்ப்பு. முன்பு கணக்கிட்ட அளவில், கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியில் 15,000-க்கும் மேற்பட்ட டிசைன்கள் அடங்கும். ஒரு டிசைனரின் ஆயுட்கால உழைப்பு அதற்குள் அடங்கிவிடும். வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே அனுப்பி வைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதையும் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்ப வேண்டும். போட்டோவாக அனுப்பினால் அது ஜேபெக்காகச் சுருக்கப்பட்டு, நாலைந்து நிறம் இருந்த டிசைனில் நூற்றுக்கணக்கான இடைநிறங்கள் புகுந்து, தறிக்குப் பயன்படாமல் போகும்.

மீட்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. கன்ட்ரோல் இசட் அழுத்துங்கள், ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள், கிளவுட்டின் குப்பைத் தொட்டியைப் பாருங்கள், அனுப்பிய மெயிலையும் வாட்ஸ்அப்பையும் பாருங்கள். கிளவுட்டையும் மெயிலையும் உங்கள் கணினியில் திறக்காமல் கைப்பேசியில் பாருங்கள். எதிலும் இல்லையென்றால், அது ஹார்டு டிஸ்க்கோ பென் டிரைவோ மெமரி கார்டோ என்றால், அந்த நிமிடமே நிறுத்துங்கள். கழற்றுங்கள். வேறு கணினியில் மாட்டி, முதலில் முழு நகல் எடுத்து, அந்த நகலில் தேடுங்கள். கிறிஸ்தோஃப் கிரெனியே எழுதிய டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் இரண்டும் முழுக்க இலவசம், க்ராக் தேவையே இல்லை. இவ்வளவும் ஒழுங்காகச் செய்தால் பல வேளைகளில் கிடைக்கும். பல வேளைகளில் என்பதுதான் நேர்மையான சொல். எப்போதும் என்பது பொய்.

ஆகவே ராஜவீதியிலும் மற்ற ஊர்களிலும் கடை வைத்திருக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். பதறிப் போய் ஃபோன் செய்கிற அக்காவிடமோ அண்ணனிடமோ "கவலைப்படாதீங்க, எடுத்துடலாம், ஞாயிற்றுக்கிழமை கொண்டுவாங்க" என்று சொல்லாதீர்கள். "இப்பவே ஆஃப் பண்ணுங்க, ஆன் பண்ணாம கொண்டுவாங்க" என்று சொல்லுங்கள். ஹார்டு டிஸ்க்கா எஸ்எஸ்டியா என்று முதலில் பாருங்கள். எஸ்எஸ்டி என்றால், வராமல் போக வாய்ப்பு அதிகம் என்பதைப் பணம் வாங்கும் முன்பே சொல்லுங்கள். அவர் டிஸ்க்கில் நகலெடுக்காமல் எதையும் நிறுவாதீர்கள்.

டிசைன் போடுகிறவர்களும் கணக்கு வைத்திருப்பவர்களும் பிள்ளைகளின் போட்டோ சேர்த்து வைத்திருப்பவர்களும் இன்று இரவே அந்த ஃபோல்டரை ஒரு வெளி டிஸ்க்குக்குப் படியெடுத்து, டிஸ்க்கைக் கணினியிலிருந்து கழற்றி வேறு அலமாரியில் வையுங்கள். இன்னொரு பிரதி வேறு வீட்டில் இருக்கட்டும். பிக்ஸாரின் பேக்கப் போல ஆகாமல் இருக்க, படியெடுத்ததில் ஒரு ஃபைலையாவது வேறு கணினியில் திறந்து பாருங்கள்.